விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாங்கப் போங்க

'வெள்ளாமை செய்யிறவனுக்கு விக்கத் தெரியலை'ன்னு ஊரே சொல்லுது. கூட்டத்துக்குக் கூட்டம் மதிப்புக்கூட்டல், சந்தைப்படுத்தல்னு பாடம் நடக்குது. நானும் நாலஞ்சு பயிற்சிக்குப் போய், குறிப்பேடும் பேனாவும் வாங்கிட்டு வந்தவன்தான். இப்போ எனக்குத் தோணுறது வேற. நமக்கு விக்கத் தெரியலைங்கிறது அப்புறம். முதல்ல நமக்கு வாங்கத் தெரியலை.

நாம கடைவீதிக்குப் போற போக்கை நெனச்சுப் பாருங்க. மூடையை மண்டியில இறக்குவோம். தரகர் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டுவோம். சிட்டையை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, ஒரு டீயைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். நம்ம பண்டம் அதுக்கப்புறம் எங்க போகுது, என்ன உருவம் எடுக்குது, என்ன பேர்ல எந்தத் தட்டுல உக்காருதுன்னு நின்னு பார்த்ததே இல்லை. போன பங்குனியில ஒரு நாள் பூரா நான் அப்படி நின்னு பார்த்தேன். அதைத்தான் எழுதுறேன்.

மகளுக்கு வளைகாப்பு வச்சிருந்தோம். வழக்கமா பக்கத்து ஊர் பேக்கரியில சொல்லிவிட்டா லட்டு, மைசூர்பாகு, மிக்சர்னு தட்டு தட்டா வந்திரும். இந்தத் தடவை வீட்டுக்காரம்மா மறுத்துட்டாங்க. "இயற்கை விவசாயம்னு ஊரெல்லாம் பேசுறீங்க. நம்ம பிள்ளை சீர்த்தட்டுல மட்டும் பாமாயிலு லட்டா? ஊருக்கு ஊரு பேர் போன பண்டமாத் தேடி ஏழு தட்டு வைப்போம். ஒரு நாள் ஆகட்டும், அவசரம் வேண்டாம்"னாங்க. செவக்காட்டுல போட்ட கடலை பறிச்சு முடிஞ்சிருந்துச்சு. மானாவாரியில உளுந்தும் குதிரைவாலியும் எப்பவோ வீடு வந்து சேர்ந்துட்டுது. வேலை இல்லாத நாள். ரெண்டு பேரும் முதல் பஸ்ஸுல கெளம்பிட்டோம்.

முதல்ல பாளையங்கோட்டை மகாராஜ நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்னிக்கு மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தப்ப, இது நமக்கான இடம்னு சந்தோஷப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா அடையாள அட்டையோட தராசுக்குப் பின்னாடி உக்காருறது வேற, கூடையோட முன்னாடி நடக்குறது வேற. வீட்டுக்காரம்மா எந்தக் கடையில நின்னாங்க, எந்தக் கடையைத் தாண்டிப் போனாங்கன்னு நான் பார்த்துக்கிட்டே வந்தேன். விலை குறைச்சலா இருந்த கடையில நிக்கலை. கீரைக்கட்டுல ஈரச் சாக்கைப் போர்த்தி, வேர்மண்ணை உதறி, கட்டை நிமிர்த்தி அடுக்கியிருந்த ஒரு அம்மாகிட்டதான் நின்னாங்க. "இது எப்போ பறிச்சதும்மா?"ன்னு கேட்டதுக்கு, "ராத்திரி ரெண்டு மணிக்கு, டார்ச் லைட்டு வச்சு"ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு பதிலுக்காகவே ரெண்டு கட்டு கூட வாங்கினோம். விலைப்பலகையில அந்த ராத்திரி ரெண்டு மணி எழுதலை. கேட்டதாலதான் தெரிஞ்சுது.

அடுத்து கருப்பட்டி. அந்தக் கடை அண்ணாச்சி ரெண்டு கூடை வச்சிருந்தார். ரெண்டுமே சிரட்டையில ஊத்தி எடுத்த அச்சு, ரெண்டுமே கருப்பு. ஒண்ணு மத்ததைவிட ரொம்ப மலிவு. "ஏன் அண்ணாச்சி இப்படி?"ன்னேன். அவர் ஒளிக்கலை. ரெண்டுலயும் ஒவ்வொண்ணை எடுத்து உடைச்சுக் காட்டினார். மலிவானது உள்ள மினுமினுன்னு சீனி மாதிரி மின்னுச்சு. "இது சீனி கலந்தது. அதுல வெறும் பதநீரு. நாக்குல வச்சுப் பாருங்க, லேசா ஒரு கரிப்பு தெரியும்"னார். தெரிஞ்சுது.

அந்தக் கரிப்புக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கார். பனையேறி காலையிலும் மாலையிலும் மரம் ஏறணும். பாளையைச் சீவணும். பதநீர் புளிச்சுக் கள்ளாகாம இருக்கக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவணும். இறக்கின பதநீரை அன்னன்னைக்கே அவர் வீட்டுப் பெண்கள் விறகடுப்புக்கு முன்னால நின்னு பாகாகுற வரைக்கும் காய்ச்சணும். சீனி மூடையைப் பிரிச்சுக் கொட்டுறவனுக்கு இதுல ஒண்ணும் இல்லை. ரெண்டும் ஒரே பேர்ல, பக்கத்துப் பக்கத்துக் கூடையில உக்காந்திருக்கு. உடைச்சுப் பார்க்காம வாங்குற ஒவ்வொருத்தரும் ஒரு பனையேறியை மரத்தை விட்டு இறக்கி விடுறோம். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில அறிவிச்சாங்க. நல்லது. மரத்தைக் காப்பாத்தியாச்சு. ஏறுற ஆளை யாரு காப்பாத்துறது? கருப்பட்டி வாங்குறவங்கதான் காப்பாத்தணும்.

உண்மையைச் சொல்லிடுறேன். எங்க வீட்டுல பத்து வருஷமா அந்த மலிவுக் கூடைதான் வந்துக்கிட்டிருந்துச்சு. என் கடலைக்கு நியாய விலை வேணும்னு மேடையில பேசினவன், பனையேறிக்கு நியாய விலை குடுக்கலை.

திருநெல்வேலி டவுனுக்குப் போனோம். அல்வா வாங்கினோம். சம்பா கோதுமையை ஊற வச்சு ஆட்டிப் பால் எடுத்து, நெய்யும் சீனியும் விட்டுக் கிண்டுறது. கோதுமை நம்ம தாமிரபரணிக் கரையில விளையிற பயிர் இல்லை, வெளியில இருந்து வருது. ஆனாலும் பேர் திருநெல்வேலிக்கு. தண்ணியும் கையும் வாங்கிக் குடுத்த பேர் அது. மண்ணு வாங்கிக் குடுக்குற பேரும் உண்டு. ராமநாதபுரம் முண்டு வத்தல், விருதுநகர் சம்பா வத்தல் ரெண்டையும் ஒரு மளிகைக் கடையில வாங்கினோம். குண்டா உருண்டையா இருக்குறது முண்டு. நீட்டமா இருக்குறது சம்பா. ரெண்டுக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. உடன்குடி பனங்கருப்பட்டிக்கும், மணப்பாறை முறுக்குக்கும் அதே வருஷம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல்.

அங்கேயே ஒரு இயற்கை அங்காடிக்கும் போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சாதனம், சாம்பிராணி வாசம். தட்டு நிறைய நம்ம பண்டம்: மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, குதிரைவாலி, மரச்செக்கு எண்ணெய். குதிரைவாலிப் பாக்கெட்டைக் கையில எடுத்தேன். நான் மண்டியில போட்ட விலையைப் போலப் பல மடங்கு. கோபம் வரலைன்னு சொன்னா பொய். ஆனா உமி நீக்கி, கல் பொறுக்கி, குருணை சலிச்சு, வாடகை குடுத்து, விக்காம வண்டு விழுந்ததைத் தூக்கிப் போட்டு... இதெல்லாம் அந்த விலைக்குள்ள இருக்குன்னு தெரியாதவன் இல்லை நான். என்னை உறுத்தினது விலை இல்லை. பாக்கெட்டுல தேதி இருக்கு, எடை இருக்கு, கடைப் பேர் இருக்கு. எந்த ஊர்னு இல்லை. "தம்பி, இது எந்த ஊர்ல விளைஞ்சது?"ன்னு கேட்டேன். கல்லாவுல இருந்த பையன், "ஆர்கானிக்தான் சார், சர்ட்டிஃபைடு"ன்னான். நான் கேட்டது அதில்லையே.

சான்றிதழைக் குறை சொல்லலை. 2017இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிப்படி, கடை வழியா 'இயற்கை'ன்னு முத்திரை போட்டு விக்கணும்னா ஒண்ணு மூன்றாம் தரப்புச் சான்று வேணும், இல்லைன்னா பங்கேற்பு உத்தரவாதத் திட்டம் என்கிற பி.ஜி.எஸ். சான்று வேணும். அதே விதியில, உண்பவர்க்கு நேரடியா விக்கிற சிறு உழவருக்கும் உழவர் அமைப்புக்கும் விலக்கு இருக்கு. ஏன் அந்த விலக்கு? வாங்குறவரு முகத்தைப் பார்த்து வாங்குறாரு. கேள்வி கேக்கலாம், காட்டுக்கே வந்து பார்க்கலாம். முகம் இருக்குற இடத்துல முத்திரை தேவையில்லை. ஆனா நாம முகத்தை மண்டியில கழட்டி வச்சுட்டு, முத்திரைக்கு மட்டும் அலையிறோம்.

மத்தியானம் பஸ் ஏறிக் கோவில்பட்டி வந்தோம். நம்மாழ்வார் ஐயா 1963இல் இந்த ஊர் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துலதான் வேலைக்குச் சேர்ந்தார். அங்க நடக்குற சோதனை எதுவும் சுத்தியிருக்குற மானாவாரிச் சம்சாரிக்கு உதவலைன்னு உணர்ந்து, 1969இல் வெளியே வந்தார். அந்த ஊர்ல கடலை மிட்டாய் வாங்கப் போகும்போது அவரை நெனைக்காம இருக்க முடியலை.

கடலை மிட்டாய் போடுற பட்டறையையே பார்க்கணும்னு கேட்டேன். விட்டாங்க. வறுத்துத் தோல் நீக்கி உடைச்ச பருப்பு ஒரு பக்கம் குவியலா இருக்கு. பெரிய சட்டியில வெல்லப்பாகு கொதிக்குது. மாஸ்டர் ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு எடுத்துக் கடிச்சுப் பார்த்தார். டக்குனு முறிஞ்சுது. "இதான் பதம். ஒரு நிமிஷம் முந்தினா பல்லுல ஒட்டும், பிந்தினா கசக்கும்"னார். பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில போட்டு உருளையால தேச்சு, வில்லை போட்டாங்க. கடலையும் வெல்லமும்தான். வேற ஒண்ணும் பெரிசா இல்லை. அதுக்கு ஊர் பேரையே தாங்குற பேர்!

"கடலை எங்க வாங்குறீங்க அண்ணாச்சி?"ன்னு முதலாளிகிட்டக் கேட்டேன்.

"மண்டியிலதான்."

"பக்கத்துலயே இயற்கையா விளைவிக்கிறோம். எங்ககிட்ட வாங்கலாமே?"

அவர் சிரிச்சார். "ஒங்க ஆளுக ரெண்டு வருஷம் முன்னாடி வந்தாக. முதல் மூடை முத்து மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது மூடைல பாதி சூம்பல். மூணாவது மூடை வரவே இல்லை. எனக்கு வருஷம் பூரா அடுப்பு எரியணும் அண்ணாச்சி. வேலையாளுக்குச் சனிக்கிழமை சம்பளம் போடணும். நான் ஒங்க கொள்கையைச் சட்டியில போட்டுக் கிண்ட முடியுமா?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அப்படி ஒரு மூடையை நானும் குடுத்திருக்கேன். ஒரு தை மாசம் பருவம் தப்பி மழை பெஞ்சப்ப, காய் சரியாக் காயாம மூடை பிடிச்சேன். ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர் மூடையைப் பிரிச்சு மோந்து பார்த்துட்டு வேண்டாம்னுட்டார். 'இயற்கைப் பொருளோட அருமை தெரியாதவன்'னு அவரைத் திட்டிட்டு வந்தேன். இன்னிக்கு யோசிக்கிறேன். ஈரக் கடலையில பூஞ்சாணம் பிடிச்சா அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசாப் போகாது. காயைக் குலுக்கினா கலகலன்னு சத்தம் கேக்குற அளவுக்கு, ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குக் கீழ போற வரைக்கும் காய வச்சிருக்கணும். பூச்சிமருந்து அடிக்காம வளர்த்துட்டு, களத்துல அசட்டையா விட்டு நஞ்சாக்கிக் குடுத்தா அது என்ன இயற்கை விவசாயம்? அன்னிக்கு அந்தச் செக்குக்காரர் செஞ்சது சரி. நான் செஞ்சது தப்பு. இதை ஒத்துக்க எனக்கு ஒரு நாள் கடைவீதியில நடக்க வேண்டியிருந்துச்சு.

அதே நேரம் அந்த முதலாளிக்கும் ஒரு கேள்வி இருக்கு. கடலை மிட்டாய்க்குக் கோவில்பட்டி பேர் கிடைச்சது கைப்பக்குவத்தால மட்டும் இல்லை. இந்த வட்டாரத்து மண்ணுல விளைஞ்ச கடலையோட ருசியும் அந்தப் பேர்ல சேர்ந்ததுதான். புவிசார் குறியீடுங்கிற சொல்லுலயே 'புவி' முதல்ல வருது. அந்தப் புவியில குனிஞ்சு நிக்கிறவனுக்கு அந்தப் பேரால ஒரு ரூபா கூடக் கிடைச்சிருக்கான்னு கேட்டா, எனக்குக் கிடைக்கலை. எங்க ஊர்ல யாருக்கும் கிடைச்சதா நான் கேள்விப்படலை. பாக்கெட்டுல ஊர் பேர் பெரிசா இருக்கு. கடலை எந்த ஊர்க் காட்டுதுன்னு ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை நாம கேட்டு வாங்கணும். கேக்குற தகுதியை முதல்ல நாம சம்பாதிக்கணும்.

இன்னொண்ணும் கவனிச்சேன். பாகுக்கு வச்சிருந்த வெல்லம் நல்ல பொன்மஞ்சள். "கருத்த வெல்லம் போட்டா மிட்டாய் கருக்குது, வாங்குறவங்க பழசுன்னு நெனைக்கிறாங்க"ன்னார். வெல்லத்தை வெளுக்க ஹைட்ரோஸ் போடுற பழக்கம் நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். ஆலையில போடுறவனை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கடையில நின்னு கருத்த வெல்லத்தைத் தள்ளி வச்ச கையும் அதுல கூட்டுதான். சீனி கலந்த கருப்பட்டியை எடுத்த என் கை மாதிரி.

சாயங்காலம் வீடு திரும்பி, ஏழு தட்டையும் திண்ணையில பரப்பி அழகு பார்த்துக்கிட்டிருந்தோம். எங்க காட்டுல களை எடுக்குற, கடலை பறிக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. ஆசையா ஒவ்வொண்ணா விசாரிச்சாங்க. எங்க கடலையில ஆட்டின எண்ணெய்ல சுட்ட அதிரசமும் ஒரு தட்டுல இருந்துச்சு. "வாசமே வேற மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு, சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாங்க: "நீங்க விக்கிற எண்ணெய் எங்களுக்கெல்லாம் கட்டுமாண்ணாச்சி? நாங்க ரேஷன் பாமாயில்தான்."

அந்தக் கடலையைச் செடி செடியாப் பறிச்சது அவங்க கைதான். எங்க அப்பா காலத்துல கடலை பறிச்ச கூலியைக் காயாவே அளந்து குடுப்பாங்க. அவங்க வீட்டுலயும் அந்தக் காய் வறுபடும், எண்ணெயாகும். நான் எல்லாத்தையும் ரூபாயாக்கிட்டேன். ரூபா வசதிதான். ஆனா அந்த ரூபாயை எடுத்துக்கிட்டு வந்து என் எண்ணெயை அவங்களால வாங்க முடியலை. பட்டணத்துக் கண்ணாடிக் கடைக்குள்ள போக எனக்கு எவ்வளவு கூச்சமா இருந்துச்சோ, அந்தக் கூச்சத்தோடதான் அவங்க என் திண்ணையில நின்னாங்க.

இவ்வளவும் பார்த்த பிறகு, நம்ம இயக்கத் தோழர்களுக்கு நான் வைக்கிற கோரிக்கைகள் இவை. அரசாங்கத்துக்கு வைக்க வேண்டியது தனியா இருக்கு. இது நமக்கு.

முதலாவது, அறுவடை முடிஞ்ச கையோட வருஷத்துக்கு ஒரு நாள் கணவனும் மனைவியுமா வாங்கப் போங்க. விக்கிற சாக்கு கையில இருக்கக் கூடாது. அவசரம் கூடாது. ஒவ்வொரு கடையிலயும் மூணு கேள்வி கேளுங்க: எங்க விளைஞ்சது, யார் செஞ்சது, எப்போ செஞ்சது. பதில் சொல்ற கடையில வாங்குங்க. அதே மூணு கேள்வியை அன்னிக்கு ராத்திரி உங்க மூடையைப் பார்த்தும் கேளுங்க.

இரண்டாவது, நம்ம வீட்டு அடுப்பங்கரையை முதல்ல சந்தையாக்குவோம். நெல் வச்சிருக்குறவர் கடலைக்காரர்கிட்ட எண்ணெய் வாங்கட்டும். கடலைக்காரர் பனையேறிகிட்ட கருப்பட்டி வாங்கட்டும். நம்ம இயக்கத்துல இருக்குற வீடுகள் மட்டும் ஒண்ணுக்கொண்ணு வாங்கினாலே, அது சின்னச் சந்தை இல்லை. நாம குடுக்காத விலையைப் பட்டணத்துக்காரர் மட்டும் குடுக்கணும்னு எதிர்பார்க்கிறது நியாயம் இல்லை.

மூன்றாவது, தனி ஆளா மூணாவது மூடை குடுக்க முடியாது. பி.ஜி.எஸ். குழு தொடங்க ஐந்து உழவர் போதும். அந்தக் குழுவைச் சான்றிதழ் வாங்குறதுக்கு மட்டும் வச்சுக்காம, ஒரே களத்துல காய வைக்க, ஒரே சல்லடையில சலிக்க, சூம்பலைப் பொறுக்கித் தனியா வைக்கப் பயன்படுத்துவோம். மூணு கிலோ காய் உடைச்சா ஏறக்குறைய ரெண்டு கிலோ பருப்பு தேறும். அதைப் பெருவட்டு, சிறுவட்டுனு பிரிச்சுக் குடுத்தாலே மிட்டாய்க்காரரும் செக்குக்காரரும் தேடி வருவாங்க. எங்க ஊர்ல அஞ்சு பேர் சேர்ந்தாச்சு. அந்த முதலாளியும், "மூணாவது மூடை வரட்டும், அப்புறம் பேசுவோம்"னு சொல்லியிருக்கார்.

நான்காவது, பாக்கெட்டோ மூடையோ, ஊர்ப் பேரைப் போட்டுக் குடுப்போம். வாங்குறவர் கிழிச்சுப் போட்டாலும் பரவாயில்லை. கோவில்பட்டியும் உடன்குடியும் ஒரு நாள்ல பேர் வாங்கிடலை. பல தலைமுறையாத் தரம் குறையாமக் குடுத்துக் குடுத்து வாங்கின பேர்.

ஐந்தாவது, நம்ம காட்டுல வேலை செய்யிறவங்க சாப்பிட முடியாத பண்டத்தை 'நல்ல உணவு'ன்னு ஊருக்கு விக்க வெட்கப்படுவோம். எங்க வீட்டுல இந்த வருஷத்துல இருந்து, காட்டுக்கு வர்ற வீடுகளுக்கு ஆட்டின எண்ணெயை அடக்க விலைக்கு முதல்ல அளந்துட்டு, மிச்சத்தைத்தான் வெளியில விக்கிறோம். கடலை பறிப்புக்குக் காயா வேணுமா ரூபாயா வேணுமான்னும் அவங்களையே கேக்குறோம். பாதிப் பேருக்கு மேல காயாத்தான் கேட்டாங்க. இதுல எனக்கு வருமானம் கொஞ்சம் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். தாங்கக்கூடிய குறைச்சல்தான்.

வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சுது. சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தங்க கருப்பட்டியை வாயில போட்டுட்டு, "இது எங்க வாங்கினது?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரம்மா கடைப் பேரை மட்டும் சொல்லலை. உடன்குடிப் பக்கம், பதநீர்ல காய்ச்சினது, சுண்ணாம்புக் கலயத்துல இறக்கினதுன்னு கதை முழுக்கச் சொன்னாங்க. அந்தம்மா தனக்கும் ரெண்டு கிலோ வாங்கித் தரச் சொல்லிட்டுப் போனாங்க.